கபிரியேல் மைனரைத் தேடிப் போன கதை

எங்கள் அப்பா கபிரியேலுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது கேட்கும், ஆனால் அவருக்கு வேண்டியதை மட்டும். ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலர் மெசின் பக்கத்தில் நின்றே வாலிபத்தைக் கழித்தவர். அந்தச் சத்தத்தில் காது போனதற்கு அவரிடம் யாரும் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. போன காதுக்குப் பதிலாகக் குரல் வளர்ந்துவிட்டது. எங்கள் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், அவர் இரகசியம் பேசினால், வரிசை வீடுகளான லயத்தின் அந்தக் கோடியில் இருந்து யாராவது பதில் சொல்வார்கள்.

காது கேட்காதவர் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டார். பாதியைக் கேட்பார், மீதியைத் தானே முடித்துக்கொள்வார். முடித்துக்கொண்ட பிறகு வானத்தில் இருந்து தேவதூதன் இறங்கி வந்து திருத்தினாலும் ஏற்க மாட்டார். ஒரு தடவை கோயிலில் ஃபாதர் “அடுத்த கிழமை பூசை இல்லை” என்று அறிவித்தார். அப்பா அதை “பூசை எல்ல” என்று கேட்டுவிட்டார், எல்ல எங்கள் பக்கத்து ஊர். மறு ஞாயிறு என்னையும் தங்கச்சியையும் நல்ல கவுன் போட்டு, தலை இழுத்துச் சீவி, பஸ் ஏற்றி எல்லவுக்குக் கூட்டிப்போய், பூசை நடக்காத கோயில் வாசலில் நிற்க வைத்தார். திரும்பி வந்து ஃபாதரிடம் சண்டைக்கும் போனார். ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை, அந்த வெயிலில் நின்றது நான்.

அம்மா கண்ணை மூடியபோது தங்கச்சி மரியகொரட்டி ஸ்கூலுக்குப் போக அழுகிற வயசு. சொந்தக்காரர்கள் அப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். “ரெண்டு பொம்பளப் புள்ளைங்க போதும் எனக்கு, மூணாவதா ஒண்ணு வேணாம்” என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு சோறு ஆக்கியது, பேன் பார்த்தது, பின்னல் போட்டது எல்லாம் அவரே. பின்னல் என்று சொல்கிறேன், அது கயிறு முறுக்குகிற வேலை. எங்களை வளர்த்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

உயர்தரப் பரீட்சை முடித்ததும் நான் எல்லயில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனேன். ரூம் வேலை. கட்டில் துணி மாற்றுவது, கூட்டுவது, பாத்ரூம் கழுவுவது. ஆனால் எங்கள் லயத்தில் நான் ரிசப்ஷனில் இருக்கிறேன். அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். கோட்டுப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர்களுக்குச் சாவி கொடுக்கிறேனாம். “ஏம்பா பொய் சொல்றீங்க?” என்று ஆரம்பத்தில் கேட்டேன். “நீ சும்மா இரு, அவனுகளுக்கு என்னா தெரியப் போகுது” என்றார். விட்டுவிட்டேன். கொரட்டி கெட்டிக்காரி, பதுளையில் இருக்கும் கெம்பஸுக்குத் தெரிவானாள். தேயிலையைப் பற்றியே அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது, அதில் சேர்ந்தாள். அப்போது இருந்து அப்பாவுக்கு மூத்தவள் ஹோட்டலில், இளையவள் ஹொஸ்டலில். இந்த இரண்டு சொல்லையும் அவர் ஒரு நாளாவது சரியாகச் சொன்னதில்லை. கேட்பவர்கள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குழம்பிப் போவார்கள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் பாத்ரூமில் பிரஷ்ஷும் கையுமாக இருந்தபோது போன் அடித்தது. வேலை நேரத்தில் போன் பேசுவது சூப்பவைசருக்கு ஆகாது. கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே அப்பாவின் குரல் டைல்ஸ் எல்லாம் மோதித் திரும்பியது.

“ஷிரோமி, ஒந்தங்கச்சி குடும்ப மானத்த வாங்கிட்டா!”

“மெதுவாப் பேசுங்கப்பா. என்னா ஆச்சு?”

“மைனர் எடுக்கப் போறாளாம்.”

“என்னத்த எடுக்கப் போறா?”

“மைனர்! ஹோட்டல் மைனர்! அவளே வாயத் தொறந்து சொல்றா. மொத்தம் ஏழு மைனர் இருக்காம். அதுல ஒண்ணத்தான் எடுக்க முடியுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணுமாம். ஒங்க விருப்பத்தையும் கேக்கணும்ல அப்பான்னு எங்கிட்டயே கேக்குறா. மாதாவே, இதக் கேக்கவா என்னைய வச்சிருக்க!”

எங்கள் பக்கத்தில் மைனர் என்றால் என்னவென்று சொல்லவே வேண்டாம். வேலைவெட்டி இல்லாமல், கழுத்தில் செயினும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, வேறு யாருடையதோ மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற பையன். எல்லயில் இந்த ஜாதிக்குப் பஞ்சமே இல்லை. நீர்வீழ்ச்சி காட்டுகிறேன், பாலம் காட்டுகிறேன் என்று காலையில் இருந்து ரோட்டில் நிற்பார்கள். அதனால் “ஹோட்டல் மைனர்” என்று கேட்டதும் ஒரு நிமிசம் நானும் நம்பிவிட்டேன். இந்தப் பிள்ளை எந்தப் பயலிடம் மாட்டிக்கொண்டதோ என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கொரட்டிக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள் பாருங்கள், எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் ரெண்டு வைத்திருப்பேன்.

“அக்கா, அது பாடம். மெயின் பாடத்த மேஜர்னு சொல்லுவோம். கூட ஒரு சின்னப் பாடம் எடுக்கலாம். தொழிலுக்கு ஒதவுற மாதிரி. அதுக்குப் பேருதான் மைனர். கம்பியூட்டர், மொழிபெயர்ப்பு, கணக்கியல்னு ஏழு இருக்கு. நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் எடுக்கலாம்னு பாக்குறேன்.”

“இத அப்பாகிட்ட இப்பிடிச் சொன்னியா?”

“சொன்னேனே. மேஜர்ல ஒண்ணும் பிரச்சின இல்லப்பா, மைனர்தான் எடுக்கணும்னு சொன்னேன்.”

“நாசமாப் போச்சு” என்றேன். படித்த பிள்ளைக்குத் தன் அப்பா யார் என்று தெரிய வேண்டாமா? காது கேட்காத மனிதரிடம், லௌட்ஸ்பீக்கர் போட்டுப் பேசுகிற மனிதரிடம், லயத்து நடுவில், மைனர் என்கிற சொல்லை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? பக்கத்துக் காம்பரா அங்கம்மா அத்தைக்கு இடது காதும் நன்றாகக் கேட்கும், வலது காதும் நன்றாகக் கேட்கும். அன்றைக்குப் பின்னேரம் மலையில் இருந்து கொழுந்துக்கூடையோடு இறங்கிய எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கபிரியேலின் இளைய மகள் எல்லயில் ஹோட்டல் வைத்திருக்கிற ஒரு மைனரோடு ஓடப் போகிறாள் என்று.

நான் அப்பாவைக் கூப்பிட்டு விளக்கினேன். “அது பாடம்பா!” என்று கத்தினேன்.

“நல்ல பாடம் படிச்சிட்டா!” என்றார்.

“இல்லப்பா, மேஜர்னு ஒண்ணு, மைனர்னு ஒண்ணு...”

“அவ மேஜரான புள்ளதான், எனக்குத் தெரியாதா? அதுக்காக இஷ்டத்துக்கு ஆடலாமா? நீ தங்கச்சிக்குச் சப்போர்ட்டா?” போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் அங்கம்மா அத்தை எனக்குப் போன் செய்தார். “ஏ புள்ள, ஒங்கப்பா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு கொடையோட கெளம்பிட்டாரு. கெம்பஸுக்குப் போயி அந்த மைனரு சட்டையப் புடிச்சிக் கேக்கப் போறாராம். என்னா செய்யப் போற?” என்ன செய்வது? சூப்பவைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு எடுத்து, பதுளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பஸ் நின்று நின்று போனது. அப்பாவையும் திட்டினேன், தங்கச்சியையும் திட்டினேன், மைனர் என்று பெயர் வைத்தவனையும் திட்டினேன்.

கெம்பஸ் கேட்டிலேயே பிடித்துவிட்டேன். குடையை உயர்த்திக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் காவல்காரரிடம் மைனர் எங்கே, மைனர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவல்காரர் நல்ல மனிதர். சிரித்த முகமாக, ஆ, மைனரா, நேராகப் போங்கள், அந்தப் பெரிய மண்டபத்தில்தான் எல்லா மைனரும் இருக்கிறது என்று கையைக் காட்டினார். அன்றைக்கென்று பார்த்து, எந்த மைனரை எடுப்பது என்று பிள்ளைகளுக்கு விளக்குகிற நாளாம்.

அப்பா என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. “பாத்தியா? வாச்சருக்கே தெரிஞ்சிருக்கு. எல்லாப் பயலையும் ஒரே எடத்துல கூட்டி வச்சிருக்கானுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். வயசானவர் நடக்கிற நடையா அது? பின்னால் நான் ஓடினேன்.

மண்டப வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். மூன்று மொழியிலும் இருந்தது. அப்பா தமிழை எழுத்துக்கூட்டி, அவருடைய குரலில் வாசித்தார். “உங்கள் மைனரை நீங்களே தெரிவு செய்யுங்கள்.” நின்றார். பக்கத்தில் இன்னொரு அட்டை. “ஒரு மாணவர் ஒரு மைனரை மட்டுமே வைத்திருக்கலாம்.” அதையும் வாசித்தார். அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார்.

உள்ளே வரிசையாக மேசைகள். முதல் மேசையில் முக்காடு போட்ட ஒரு லெக்சரர் உட்கார்ந்திருந்தார். றமீலா மிஸ் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டையில் தமிழிலும் இருந்தது. மைனர் விசயமெல்லாம் அவர் பொறுப்புத்தான் என்று பிறகு தெரிந்தது. அப்பா நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

“மிஸ், எம்மக பேரு மரியகொரட்டி. அவளோட மைனர் எவன்?”

“மன்னிக்கணும் ஐயா, யாரு?”

“அந்த ஹோட்டல்காரன். அவன இங்க கூப்புடுங்க. நான் சண்டைக்கு வரல. பெத்தவன்னு ஒருத்தன் இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எந்த மூலையிலோ இருந்த கொரட்டி பெயரைக் கேட்டுவிட்டு ஓடி வந்தாள், அப்பாவைப் பார்த்ததும் தூண் பக்கமாகப் பின்வாங்கினாள். றமீலா மிஸ் ஒரு கணம் விழித்தார், பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கியது தெரிந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எழுந்து வந்து அப்பாவின் வலது பக்கம் நின்று, மெதுவாக, சத்தமாகச் சொன்னார்.

“ஐயா, ஒங்க மகள் தேயிலையப் பத்தி படிக்கிறாங்க. அது பெரிய பாடம். அதோட கூட, வேலைக்கு ஒதவுற மாதிரி ஒரு சின்னப் பாடம் படிப்பாங்க. அந்தச் சின்னப் பாடத்துக்குத்தான் இங்க மைனர்னு பேரு. ஆள் இல்ல ஐயா. பாடம்.”

“பாடம்?”

“பாடம்.”

நான் தொண்டை கிழியக் கத்தினபோது நல்ல பாடம் படிச்சிட்டா என்றவர், மிஸ் சொன்னதும் ஒரே தடவையில் விளங்கிக்கொண்டார். “அட கழுத!” என்று தன் தொடையில் தட்டிச் சிரித்தார். மண்டபமும் சிரித்தது. கொரட்டி தூணை விட்டு வந்தாள். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதுளைச் சந்தையில் மரக்கறி பார்ப்பது மாதிரி ஒவ்வொரு மேசையாகப் போனார். கம்பியூட்டரா, நல்லது. மொழிபெயர்ப்பா, கோர்ட்டில் வேலை கிடைக்கும், நல்லது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தொல்லை தீர்ந்தது, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் பின்னேர வேலைக்குப் போய்விடலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

கடைசியில் ஹோட்டல் மேசை. அங்கே காட்சிக்கு ஒரு கட்டில் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, மேலே துவாயை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அப்பா கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“இதத்தான் நீ படிக்கப் போறியா?”

“இது மட்டும் இல்லப்பா” என்றாள் கொரட்டி. “கணக்கு, நிர்வாகம், ஆளுங்கள நடத்துறது எல்லாம் இருக்கு. ஆறு மாசம் ஒரு ஹோட்டல்ல ட்ரெய்னிங். மேனேஜரா போகலாம்.”

“வேணாம்.”

“அப்பா, கேளுங்க. தேயில மட்டும் படிச்சிட்டு நான் எங்க போறது? என்னைய எந்தத் தோட்டத்துல நிர்வாகம் பாக்குற சின்னத்தொரையா எடுப்பாங்க? இப்ப எல்லப் பக்கம் தேயிலத் தோட்டத்துக்குள்ளயே ஹோட்டல் வருது. தேயிலையும் தெரிஞ்சு ஹோட்டலும் தெரிஞ்ச ஆளத்தான் தேடுறாங்க. அந்த ஆளு ஏன் எப்பவும் கொழும்புல இருந்தே வரணும்?”

உண்மையைச் சொன்னால், எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஹோட்டல் என்றால் எனக்குத் தெரிந்தது சூப்பவைசரின் வாயும் பினாயில் வாசமும்தான். நான் பட்டது போதும், இவளாவது ஏசி அறையில் கம்பியூட்டர் தட்டட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது சரி. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு எங்களுக்கு எத்தனையோ மேனேஜர்கள் வந்து போனார்கள். ஒருவருக்கும் தேயிலைச்செடி எது, பக்கத்து வேலிச்செடி எது என்று தெரியாது. தமிழில் ஒரு வார்த்தை வராது. அங்கே ரூம் கழுவுகிற நாங்கள் எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். மேலே ஒருத்திகூட இல்லை. அதை நினைத்ததும் எனக்கு ரோசம் வந்தது. “எடுக்கட்டும்பா” என்றேன்.

“எங்க வீட்டுல ஒருத்தி கக்கூஸ் கழுவுறது போதும்!”

அவர் மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தார். மண்டபத்தின் அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். றமீலா மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது. நான் கழுவுகிற வேலையில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என் அப்பாவுக்கு அதில் இவ்வளவு வெட்கம் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் கேட்டதுதான் வலித்தது.

கொரட்டிக்கு இருபத்திரண்டு வயசு. அவள் எதை எடுத்தாலும் கெம்பஸில் யாரும் அப்பாவிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் கேட்பாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத நல்ல குணம். “அப்பா வேணாம்னா கம்பியூட்டர் எடுக்கிறேங்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலைவலி வரும். வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது.

நான் எல்லவுக்குப் போகவில்லை. அரை நாள் லீவு முழு நாளானது. அப்பாவோடு ஹாலிஎல பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அவர் விட்டால்தானே?

“மைனருன்னு ஒரு பயலாவே இருந்திருக்கலாம்” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “பேசி, தாலியக் கட்ட வச்சு முடிச்சிருக்கலாம். இது என்னா? ரெண்டாவதும் ஹோட்டலுன்னா லயத்துல என்னா சொல்லுவானுங்க? மூத்தவள ரிசப்ஷன்னு சொல்லி வச்சிருக்கேன். இவளையும் அங்க அனுப்புனா, நாலு பேரு தோண்டித் துருவிக் கேப்பானுங்க. அப்ப ஒங்கதையும் வெளிய வரும்.”

“வரட்டுமே!” என்றேன். கேட்காத பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கேட்கவில்லை.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். அங்கம்மா அத்தை இஸ்தோப்பில், காம்பரா வாசலில் உள்ள அந்த ஒடுக்கமான இடத்தில், அரிசி புடைத்துக்கொண்டு எங்களுக்காகவே காத்திருந்தார். சுளகு ஆடியதே தவிர, அதில் அரிசி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

“என்னாண்ணே, மைனரப் பாத்தீங்களா? ஆளு எப்பிடி?”

அப்பா குடையை மடக்கினார். தொண்டையைச் செருமினார். பாடம் என்று சொல்லப் போகிறார், இந்தக் கூத்து இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“பாத்தேன் அங்கம்மா. பரவாயில்ல. நல்ல பையன் மாதிரித்தான் தெரியுறான்.”



“எந்த ஊராம்?”

“பண்டாரவளப் பக்கமாம். கொணமான புள்ள. பேசிக்கிட்டிருக்கோம்.”

ஹோட்டல் பாடம் என்று சொல்வதைவிட, மகள் ஒரு மைனரோடு பழகுகிறாள் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது! அதற்காக இல்லாத ஒரு பையனைப் பிறப்பித்து, ஊரும் கொடுத்து, குணமும் கொடுத்துவிட்டார். எனக்குள் ஏதோ அறுந்தது. காலையில் இருந்து அடக்கி வைத்தது, அதற்கும் முன்னால் இருந்து அடக்கி வைத்தது, எல்லாம் வந்தது.

“அத்தே! பையனும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. மைனருங்கிறது ஒரு பாடம். கொரட்டி ஹோட்டல் நடத்துற படிப்பு படிக்க ஆசப்படுறா. இவரு வேணாங்குறாரு. ஏன் தெரியுமா? ஒங்களுக்குப் பயந்துகிட்டு! ஒங்களுக்கும் இந்த லயத்துக்கும் பயந்துகிட்டு! கேட்டுக்கங்க. நான் ரிசப்ஷன்ல இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. நான் ரூம் கழுவுறேன், கக்கூஸ் கழுவுறேன், எவனோ படுத்த துணிய அவுத்துப் போடுறேன். போயி எல்லார்கிட்டயும் சொல்லுங்க. இப்பவே போயிச் சொல்லுங்க!”

பக்கத்துக் காம்பராக்களில் இருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். அங்கம்மா அத்தை சுளகைக் கீழே வைத்தார்.

“இதுக்கா புள்ள இம்புட்டுச் சத்தம்? அது தெரியும்.”

“என்னா தெரியும்?”

“நீ ரூம் கழுவுறது. எந்தங்கச்சி மக அந்த ஹோட்டல்லதான துணி தொவைக்கிறா? நீ அவுத்துப் போடுற துணி அவகிட்டதான வருது? நீ வேலைக்குப் போன மொத மாசமே தெரியும்.”

“லயத்துல மத்தவங்களுக்கு?”

“எல்லாருக்குந்தான்.”

 ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களம் வரைக்கும் செய்தி போகிற லயம் இது. மைனர் விசயம் ஒரே நாளில் மலை ஏறி இறங்கியது. இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருசம் யாரும் வாய் திறக்காமல் வைத்திருந்தார்கள் என்றால் எப்படி நம்புவது?

“ஏன் அத்தே ஒரு வார்த்த சொல்லல?”

“என்னத்தச் சொல்ல?” என்றார் அத்தை. இப்போதுதான் குரலைத் தணித்துப் பேசினார். “எம்மக ரிசப்ஷன்ல இருக்கான்னு சொல்றப்ப ஒங்கப்பா மூஞ்சிய நீ பாத்ததில்ல. ஒங்கம்மா போனதுக்கப்புறம் அந்த மனுசன் தலைய நிமித்திப் பேசுறது அந்த ஒரு பேச்சுத்தான். எவளுக்கு மனசு வரும் புள்ள?”

அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றிருந்தார், அத்தை அவருடைய வலது பக்கம். எல்லாம் கேட்டிருக்கிறது.

“எல்லாருக்குமா அங்கம்மா?”

“ஆமாண்ணே.”

“கங்காணிக்கும்?”

“கங்காணிக்கும்.”

“ஸ்டோருல இருக்குற பயலுகளுக்கும்?”

“அவனுங்களுக்குந்தாண்ணே.”

அப்பா இஸ்தோப்புக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. எவ்வளவு கோபமாக இருந்தேன், எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், அத்தை சுளகை எடுத்துக்கொண்டார். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“சின்னவளுக்குப் போன் போடு” என்றார் பிறகு. “அந்த ஹோட்டல் பாடத்தையே எடுக்கச் சொல்லு.”

“சரிப்பா.”

“ஒங்கக்கா எங்க இருக்கான்னு அங்க யாராவது கேட்டா, ரூம் வேல செய்யுறான்னு சொல்லச் சொல்லு.”